தாய்மாரும் சிறாரும்: 1983இன் படிப்பினை

போர்க்காலத்திலும் பதினைந்து வயதிற்குட்பட்ட சிறாருக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் இன்றியமையா உணவும் உடையும் செல்ல வழிவிடல் வேண்டுமென 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை விதித்தது. அவ்விதி நாடுகளுக்கிடையே மூளும் போரை நோக்கியது.

1983 யூலையில் வெள்ளவத்தை முதலிய கொழும்புப் பகுதிகளில் எரிந்தவையோ சொந்த நாட்டுக் குடிகளான தமிழரின் இல்லங்கள். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் இரத்மலானை விமான நிலையமும் அகதி முகாம்களாயின. பாடசாலை மண்டபங்களில் ஒதுங்கிய தாய்மாருக்குக் குழந்தைப் பாலும் மாற்றுடையும் தூய நீருமே முதற்றேவைகள். பின்னர் ‘லங்கா கல்யாணி’ முதலிய கப்பல்கள் பலரைக் காங்கேசன்துறைக்கு ஏற்றிச் சென்றன.

ஆயினும், 1995 முதல் போலியோச் சொட்டுமருந்து வழங்கும் நாட்களில் இந்நாட்டிலேயே போர் ஓய்ந்து நின்றதுமுண்டு. குழந்தைகளின் பொருட்டு ஒருநாள் ஓயக்கூடிய வன்முறை, தவிர்க்கவியலாத விதியன்று. மனிதர் தேர்ந்துகொண்டதே என்பது தெளிவு.