சேர்மமும் கலவையும்: ஒரு வழக்கின் வரலாறு

தனிமம், சேர்மம், கலவை என்னும் மூன்று சொற்களையும் இன்று பள்ளிச் சிறாரும் அறிவர். ஈழத்துப் பாடநூல்களில் இவை மூலகம், சேர்வை, கலவை என வழங்கும். சேர்தலும் கலத்தலும் பொதுவழக்கில் ஏறக்குறைய ஒரு பொருளனவே. அவற்றிடையே வேதியியலார் வகுத்த வரம்பு எவ்வாறு எழுந்தது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

தனிமத்தின் நிலை முன்னரே ஒருவாறு தெளிவுற்றிருந்தது. மேலும் பிரிக்கவொண்ணாத பொருளே தனிமம் எனக் கொண்டு, 1789இல் லவாய்சியர் 33 பொருள்களை நிரல்படுத்தினார். அந்நிரலில் ஒளியும் வெப்பமும் உள்ளன. சுட்ட சுண்ணாம்பும் உளது. 1808இல் டேவி கால்சியத்தைப் பிரித்தெடுத்தார். அதனால் சுண்ணாம்பு தனிமம் அன்மை புலனாயிற்று. நிரல் பிழைபட்டதேயன்றி வரையறை பிழைபடவில்லை.

சேர்மத்தின் நிலையோ அத்தகையதன்று. ஸ்பெயின் நாட்டில் ஆசிரியராய் இருந்த பிரெஞ்சு அறிஞர் புரூஸ்ட், செம்பினை அமிலத்திற் கரைத்து, அக்கரைசலிற் சோடாவைச் சேர்த்துப் பச்சைநிறக் கார்பனேட்டை வீழ்படிவாகப் பெற்றார். 100 பங்கு செம்பு எப்பொழுதும் 180 பங்கு கார்பனேட்டைத் தந்தது. நிலத்தினின்று அகழ்ந்த பச்சைக் கனிமமும் அதே இயைபினதாய் இருத்தலை 1799இல் அவர் காட்டினார். இன்றைய கணக்கில் அவ்வெண் 174 ஆகும். எண் சிறிது பிறழினும், மண்ணுள் விளைந்ததும் மனிதன் கையில் விளைந்ததும் ஒன்றே என்னும் முடிபு பிறழவில்லை.

இதனைப் பெர்த்தொலே மறுத்தார். அவர் எளியர் அல்லர். 1798இல் நெப்போலியனுடன் எகிப்து சென்ற பேரறிஞர். ஆண்டுச் சில ஏரிக்கரைகளில், உப்பும் சுண்ணாம்புக் கல்லும் கூடிச் சோடா விளைதலைக் கண்டார். ஆய்வகத்தில் அறிந்த மாற்றத்துக்கு இது நேர் எதிரானது. பொருள்களின் அளவே மாற்றத்தின் போக்கினை ஆள்கின்றது என அவர் உணர்ந்தது பெரிய உண்மை. ஆயின் அதனினும் ஒருபடி மேற்சென்று, அளவுக்கேற்பச் சேர்மத்தின் இயைபும் மாறும் என 1803இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். உலோகக் கலவைகள், கண்ணாடி, கரைசல்கள், படிப்படியாக ஆக்சிஜன் ஏறும் உலோக ஆக்சைடுகள் ஆகியன அவர்தம் சான்றுகள்.

புரூஸ்டின் விடை யாது? இயைபு மாறுவன எல்லாம் சேர்மங்கள் அல்ல, கலவைகளே என்பது. இவ்விடையில் ஒரு குற்றம் உண்டென்று கூறுதல் தகும். மாறாத இயைபுடையதே சேர்மம் என்று வரையறுத்துக்கொண்டு, சேர்மத்தின் இயைபு மாறாது என்றல் நிறுவவேண்டியதையே சான்றாக்குதலன்றோ? அவரைக் காத்தது வரையறையன்று, துலாக்கோலே. வெள்ளீயத்துக்கு இரண்டே ஆக்சைடுகள் உள. இடைப்பட்டனவாய்த் தோன்றுவன அவ்விரண்டின் கலவைகள் எனக் காட்டினார். இயைபு சரிந்து செல்லாமல் தாவிச் செல்கின்றது. அத்தாவலே வரம்பினை இயற்கையின்பாற்பட்டதாக்கிற்று.

எனினும் தாவலின் அளவு அவருக்குப் புலப்படவில்லை. அவர் சேர்மத்தின் நூற்றுக்கூறாகவே கணக்கிட்டு வந்தார். இன்றைய எண்களைக் கொண்டு நோக்கின், அவ்வாக்சைடுகளில் ஆக்சிஜன் நூற்றுக்கு 11.9, 21.2 என நிற்கும். இவற்றில் ஒழுங்கு ஏதும் தோன்றாது. 100 பங்கு வெள்ளீயத்துக்கு எனக் கணக்கிடின் 13.5, 27.0 ஆகும், ஒன்று மற்றதன் இருமடங்கு. இதன் காரணத்தை 1808இல் வெளிவந்த டால்ட்டனின் நூல் அணுக்கொள்கையால் விளக்கிற்று. அவ்வாண்டிலேயே போரில், மட்ரிட் நகரில் புரூஸ்ட் விட்டுவந்த ஆய்வகம் அழிந்தது.

இவ்வழக்கு முழுதும் இருவரும் வசைச்சொல் வழங்காது வாதிட்டனர். புலவர் பூசல்களைப் பயின்ற நமக்கு இது வியப்பே.

பெர்த்தொலே முற்றும் தோற்றார் என்றலும் பொருந்தாது. வூஸ்டைட் என்னும் இரும்பு ஆக்சைடில் 100 ஆக்சிஜன் அணுக்களுக்கு ஏறத்தாழ 95 இரும்பு அணுக்களே உள்ளன. இவ்வெண்ணும் நிலையாய் நில்லாது சிறிது மாறும். எனினும் அது கலவையன்று. ஒரே படிக அமைப்புடைய சேர்மமே. இத்தகையவற்றுக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்ய அறிஞர் குர்னக்கோவ் இட்ட பெயர் பெர்த்தொலைடு.