தோளில் வந்த சோறு

நம் பிள்ளைகளிடம் நாசி கண்டார் எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டால், கடைப் பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். கண்டார் என்றால் என்ன என்று கேட்டால் சிலர் விழிப்பார்கள். மலாயில் நாசி என்பது சோறு. கண்டார் என்பது தோளில் வைத்துச் சுமக்கும் தடி. நாம் காவடி என்போமே, அதேதான். ஒரு முனையில் சோறு, மறுமுனையில் கறி. நம் முன்னோர் இந்த மண்ணில் காலூன்றிய கதை அந்தத் தடியில் தொங்குகிறது.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் குடியேற்றத்தைத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து நம்மவர்கள் வரத் தொடங்கினார்கள். ஆண்டுக்கு 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து, வியாபாரமோ கூலி வேலையோ செய்து, நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள் என்று 1794இல் லைட் எழுதியிருக்கிறார். 1801இல் காதர் முகைதீன் முன்னின்று கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை உருவாக்கினார். சூலியா தெரு இன்றும் நம்மவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அப்படிச் சபர் வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். குடும்பம் ஊரில் இருந்தது. பலர் சேர்ந்து படுக்கும் அறையில் எங்கே அடுப்பு மூட்டுவது? பொழுது விடிந்தால் துறைமுகத்தில் மூட்டை சுமக்க வேண்டும். வெளியில் சாப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. அதிலும் மிச்சம் பிடித்தால்தான் ஊருக்குப் பணம் போகும்.

இந்த நெருக்கடிக்கு நம்மவர்களே கண்ட வழிதான் காவடிச் சோறு. கடை வாடகை கிடையாது, நாற்காலி மேசை கிடையாது. ஆள் இருக்கும் இடத்துக்குச் சோறு போனது. கையில் காசு இருந்தால் மீனோ முட்டையோ வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் சோற்றில் ஆணத்தை மட்டும் ஊற்றிக்கொள்ளலாம். செலவு சாப்பிடுகிறவன் கையில் இருந்தது. இன்று விரும்பிக் கேட்கிறோமே, நாலு கறியும் கலந்து சோறு மூழ்க ஊற்றும் 'பஞ்சிர்', அதுவும் குறைந்த செலவில் வயிறு நிறைக்கும் வழிதான்.

என் பாட்டனார் நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜுலா' கப்பலில் வந்தவர். சம்பள நாளில் ஒரு மீன் துண்டு, மாதக் கடைசியில் வெறும் ஆணம், இதுதான் அவர் கணக்கு என்று அத்தா சொல்வார். அந்த மீன் துண்டில் மிச்சம் பிடித்த பணத்தில்தான் ஊரில் எங்கள் வீட்டுக்கு ஓடு போட்டார்கள்.

காவடி மெல்ல மெல்லக் கடையானது. கேம்பல் தெரு ஹமீதியா உணவகம் 1907ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்கிறது. பிறகு காலம் மாறியது. 1969இல் ஜார்ஜ் டவுன் தீர்வையற்ற துறைமுகம் என்ற தகுதியை இழந்தது. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் வந்தது. துறைமுகத்தில் கூட்டம் குறைய, தொழிற்சாலைகளில் கூட்டம் பெருகியது. 1985இல் பினாங்கு பாலம் திறந்ததும் தீவும் பெருநிலமும் இன்னும் நெருங்கின. பிறை, ஜுரு, புக்கிட் மெர்தாஜாம் என்று தொழிற்சாலைகள் நிறைந்த பக்கமெல்லாம் நம் கடைகளும் வந்தன. இரவு வேலைக்காரர்களுக்காக விடிய விடிய விளக்கு எரிந்தது.

பாலிடெக்னிக்கில் டிப்ளோமா படித்தபோது இந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்குப் போனேன். என்னோடு இரவு வேலை பார்த்த வங்காளதேசத்து அண்ணன் ஒருவர், கடைக்கு வந்தால் சோறும் கறிக்குழம்பும் மட்டும்தான் கேட்பார். "ஏன் பாய், கோழி வேண்டாமா?" என்றேன். "மகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும்" என்று உடைந்த மலாயில் சொன்னார். பாட்டனாரின் கணக்கு எனக்கு அன்றுதான் புரிந்தது. அவர் உட்கார்ந்த இடத்தில் இன்று வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். அன்று நாம் காவடிக்காரரைத் தேடிப்போனோம். இன்று அவர்கள் நம் கடையைத் தேடி வருகிறார்கள்.

இப்போது நான் வெங்காயமும் மிளகாயும் நம் கடைகளுக்குப் போடுகிற வியாபாரி. விலைவாசி எனக்குத் தெரியும். எண்ணெய், வாடகை, ஆள் சம்பளம் எல்லாம் ஏறிவிட்டன. எல்லாவற்றையும் மலிவாகக் கொடுங்கள் என்று முதலாளிமாரிடம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சோறும் ஆணமும் எப்படியும் சட்டியில் இருக்கின்றன. அந்த ஒரு தட்டுக்கு மட்டும் குறைந்த விலை ஒன்று வைத்து, எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிப் போடலாம். தட்டைப் பார்த்துக் கண்மதிப்பில் விலை சொல்வது பழகிய வாடிக்கையாளருக்குச் சரி. புதிதாக வந்தவனோ எவ்வளவு ஆகுமோ என்று பயந்து வாசலிலேயே நின்றுவிடுகிறான். சோறும் ஆணமும் மட்டும் கேட்பவருக்கும் முகம் சுளிக்காமல் பரிமாறச் சொல்லி நம் ஆட்களிடமும் சொல்லி வைப்போம்.

பொன்விழா ஆண்டில் நம் சங்கத்துக் குடும்பங்கள் இதைச் செய்தால், அந்தக் காவடியைச் சுமந்தவர்களுக்கு நாம் செய்யும் நன்றியாக அது இருக்கும், இன்ஷா அல்லாஹ்.