இடது ஓரமும் இடது திருப்பமும்

"லொறியுடன் மோதி சைக்கிளில் சென்றவர் பலி" என்பது எமது பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலமாக அச்சேறிவரும் தலைப்பு. நான்கு வரிகளில் செய்தி முடிந்துவிடும். மோதியவர் இறந்தவரே என்று அந்த வாக்கியமே தீர்ப்பும் வழங்கிவிடுகிறது. அவர் வீதியின் எந்த இடத்தில் இருந்தார், லொறி எந்தப் பக்கம் திரும்பியது என்ற கேள்விகள் எழுவதில்லை. அவற்றுக்கு விடை தேட வேண்டுமாயின் வரலாற்றில் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். எஹலியகொட அதற்குப் பொருத்தமான ஊர்.

இவ்வூரைச் சூழ்ந்துள்ள இறப்பர் தோட்டங்களுக்கும் துவிச்சக்கர வண்டிக்கும் உள்ள உறவு பழையது. 1876இல் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து வந்த இறப்பர் நாற்றுகள் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. 1885இல் ஜோன் கெம்ப் ஸ்டார்லி இன்றைய வடிவிலான சைக்கிளை இங்கிலாந்தில் அமைத்தார். 1888இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லொப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். முதலில் சைக்கிளும் பின்னர் மோட்டார் வாகனமும் இறப்பருக்குச் சந்தை தேடிக்கொடுத்தன. சப்ரகமுவ மலைச்சரிவுகளில் இறப்பர் பரவியது. தமிழ்த் தொழிலாளரும் அயற்கிராமங்களின் சிங்களத் தொழிலாளரும் பால் வெட்டினர்.

களனிவெளி ரயில் பாதை 1912இல் எஹலியகொட வழியாக இரத்தினபுரியை அடைந்தது. 1919இல் ஓப்பநாயக்க வரை நீண்டது. தோட்டங்களின் தேயிலையும் இறப்பரும் அதன்வழி கொழும்பு சென்றன. 1970களில் அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி மூடப்பட்டது. ரயில் சுமந்த பாரமும் கொழும்பிலிருந்து இரத்தினபுரி ஊடாக மட்டக்களப்பு செல்லும் ஏ4 வீதியின் மீது இறங்கியது. லொறி, டிப்பர், பஸ், முச்சக்கர வண்டி ஆகியவற்றுக்கிடையே சைக்கிளுக்கு எஞ்சியது வீதியின் ஓரம் மட்டுமே.

அந்த ஓரம் பழக்கம் வகுத்த இடம். இடப்பக்கமாகச் செல்லும் முறை ஆங்கிலேயர் வழி வந்தது. குதிரை வண்டிக் காலத்தில், 1835இல், அது பிரித்தானியாவில் பொதுச் சட்டமாயிற்று. 1888இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சைக்கிளையும் ஒரு 'வண்டி' என ஏற்றது. அதாவது, வீதியில் ஏனைய வண்டிகளுக்குள்ள உரிமை அதற்கும் உண்டு. ஆனால் "இடப்பக்கமாகச் செல்" என்ற விதியை நாம் "ஓரத்தை ஒட்டிச் செல்" என்று விளங்கிக்கொண்டோம். நேரான வீதியில் அதனால் பெருங்கேடு இல்லை. சந்தியில் அதுவே பொறியாகிறது.

எமது நாட்டில் சாரதியின் ஆசனம் வலப்பக்கத்தில் உள்ளது. உயரமான லொறியின் இடப்பக்கத்தை ஒட்டி நிற்பவரைச் சாரதி காண்பது அரிது. இடப்பக்கம் திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரங்களின் தடத்தில் செல்வதில்லை. உட்புறமாக வெட்டிக்கொண்டு வரும். தோட்டத்துக் கிளை வீதி குறுகலானது என்பதால், நீளமான லொறி திரும்புமுன் சற்று வலப்பக்கம் ஒதுங்கவும் கூடும். தமக்கு வழிவிடுவதாக எண்ணி அந்த இடைவெளிக்குள் சைக்கிளைச் செலுத்துபவர், லொறிக்கும் வீதி ஓரத்துக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்கிறார்.

சைக்கிள் ஓட்டுநர் சந்தியில் நிற்க வேண்டிய இடம் எது என்பதை பிரித்தானியாவில் ஜோன் பிராங்க்ளின் 1988ஆம் ஆண்டு நூலொன்றில் விளக்கினார். 2022 ஜனவரி 29 முதல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டின் திருத்திய வீதி விதிக்கோவையும் அதனை ஏற்றது. வாகனங்கள் மெதுவாகச் செல்லும் இடங்களிலும் சந்தியை அணுகும்போதும் தமது தடத்தின் நடுவே செல்லலாம். விரைவான வீதியில் ஓரத்திலிருந்து அரை மீற்றரேனும் விலகிச் செல்ல வேண்டும். நேராகச் செல்லும் சைக்கிளைக் குறுக்கறுத்துத் திரும்பலாகாது என்று சாரதிகளுக்கும் அது கூறுகிறது. இலண்டனில் சாரதியின் நேரடிப் பார்வைப் பரப்பைக் கொண்டு கனரக லொறிகளுக்குத் தரமிடும் திட்டம் 2021 மார்ச் முதல் அமுலாகிறது.

எஹலியகொட கடைவீதிக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது எளிமையானது. லொறிக்கு முன்னால் நன்கு தெரியும்படி நில்லுங்கள், அல்லது பின்னால் காத்திருங்கள். ஒருபோதும் அதன் இடப்பக்கத்தில் நிற்காதீர்கள். லொறியின் கண்ணாடியில் சாரதியின் முகம் உங்களுக்குத் தெரியவில்லையெனில் நீங்களும் அவருக்குத் தெரியமாட்டீர்கள். சந்திக்கு முன்னரே பின்னால் திரும்பிப் பார்த்து, கைச் சமிக்ஞை காட்டி, இடம் கிடைத்தால் மட்டும் நடுவுக்கு வாருங்கள். கடந்ததும் மீண்டும் இடப்பக்கம் செல்லுங்கள். வேகமாக வரும் பஸ்ஸின் முன் இதனைச் செய்வது மடமை. அப்போது இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதில் இழுக்கில்லை.

2022இல் எரிபொருள் கிடைக்காதபோது நாடே சைக்கிளை நாடியது. வரிசைகள் மறைந்ததும் அதனையும் மறந்தோம். ஆனால் லயத்திலிருந்து பாடசாலைக்கும் கடைக்கும் செல்லும் பிள்ளைக்குச் சைக்கிள் நெருக்கடிக் கால வாகனமன்று, அன்றாட வாகனம். "ஓரமாகப் போ" என்று மட்டும் சொல்லி அந்தப் பிள்ளையை அனுப்புகிறோம். சந்தியில் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புவோம்.