பாரிஸ் எத்தனை தூரம்?

காரைக்காலுக்கும் பாரிஸ் மாநகருக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர். 1739ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்றபோதும் அதுவே தொலைவு; இன்றும் அதுவே. ஆயினும் தொலைவைக் கோல்கொண்டு அளப்பது ஒருவகை. காலங்கொண்டு அளப்பது மற்றொரு வகை. சோழ மண்டலக் கரையின் வரலாற்றைப் படிக்குந்தோறும், இரண்டாவது அளவைக்கே ஆற்றல் மிகுதி என்று எனக்குத் தோன்றுகிறது.

நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவந்த பாய்மரக் கப்பல்களுக்கு அப்பயணம் பல மாதங்கள் பிடித்தது. தளபதி லாலி 1757 மே மாதம் பிரெஸ்ட் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டார். புதுச்சேரியில் கரையிறங்கியது 1758 ஏப்ரல் இறுதியில். அவர் கடலில் மிதந்துகொண்டிருக்கையிலேயே பிளாசிப் போர் நடந்து முடிந்தது. புறப்படும்போது அவர் அறிந்திருந்த இந்தியா வேறு. வந்து கண்ட இந்தியா வேறு.

இதனினும் கொடியது 1783ஆம் ஆண்டின் நிகழ்ச்சி. அவ்வாண்டு ஜனவரி 20ஆம் நாள் வெர்சேல்சில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பூர்வாங்க சமாதான உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். ஆனால் ஜூன் 13ஆம் நாள் கடலூர்க் கோட்டைப்புறத்தில் கடும்போர். 20ஆம் நாள் கடலூருக்கு அப்பால் சுஃப்ரான், ஹியூஸ் என்னும் இருவரின் கப்பற்படைகளிடையே மற்றொரு போர். சமாதானச் செய்தி வந்து சேர்ந்ததோ ஜூன் மாத இறுதியில்! முடிந்துபோன யுத்தத்திற்காக எத்தனை பேர் மடிந்தனர்! அவர்களைக் கொன்றது பகை மட்டுமன்று, தூரமும்தான்.

1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. நீராவிக் கப்பல்கள் மாதங்களை வாரங்களாகச் சுருக்கின. 1870இல் கடலடித் தந்திக் கம்பி பம்பாயை எட்டியது; அதன்பின் செய்தி, கப்பலுக்காகக் காத்திருக்கவில்லை. இன்று சென்னையினின்றும் பாரிசுக்கு நேரே பறப்பதற்குச் சுமார் பத்து மணி நேரம் போதும். விமான நிலையமில்லாத காரைக்காலினின்றும் சென்னை செல்லும் சாலைப் பயணத்தை அதனோடு கூட்டினாலும், ஒரு நாளுக்குள் அடங்கிவிடும்.

அப்படியானால் தாமதம் அனைத்தும் தொலைந்ததா? இல்லை என்பதற்குக் காரைக்காலே சான்று. 1954 நவம்பர் 1ஆம் நாள் இதன் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. உரிமையை மாற்றும் ஒப்பந்தம் 1956 மே 28ஆம் நாள் கையெழுத்தாயிற்று. ஆனால் அல்ஜீரியச் சிக்கலில் உழன்ற பிரெஞ்சுப் பாராளுமன்றம் 1962 ஜூலையில்தான் இசைவளித்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 16ஆம் நாளே ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை இவ்வூர் மக்கள், சட்டப்படி தாம் எந்நாட்டினர் என்ற முடிவான விடையின்றி இருந்தனர்.

கடலூரில் மாண்டோரின் விதியைத் தாமதப்படுத்திய பழியைக் காற்றின்மீதும் அலையின்மீதும் சுமத்தலாம். விமானம் பறந்த காலத்தில் நேர்ந்த ஆறாண்டுத் தாமதத்தை எதன்மீது சுமத்துவது? வழியைச் சுருக்குதல் பொறியியலாரால் ஆகும். மனம் இசைதல் ஆட்சியாளரால் மட்டுமே ஆகும்.