அஞ்சலின் எல்லையும் மாநிலத்தின் எல்லையும்: நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரமும் சேகரிப்பாளரின் மேசையும்

1951இல் திருவிதாங்கூர் அஞ்சல் இந்தியத் தபால் துறையோடு இணைந்து மறைந்தது. 1956 நவம்பர் 1 அன்று பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே மாநில எல்லை விழுந்தது. ஐந்தாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும்: திருவிதாங்கூர் அஞ்சல்தலை ஒட்டப்பட்டுப் பயணம் செய்த எந்த உறையும் இன்றைய எல்லையை அறிந்ததில்லை. அவ்வுறைகளும் அக்காலக் காசுகளும் இன்று சேகரிப்பாளர் கண்காட்சிகளின் விற்பனை மேசைகளில் கிடைக்கின்றன. எல்லைப்புறக் கிராமங்களின் வரலாற்றை எழுதுவோர் அம்மேசைகளை ஓர் ஆவணக் காப்பகமாகக் கருத முடியுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சேகரித்தலும் கைமாற்றிக்கொள்ளுதலும் ஒரு பொதுப் பழக்கமாக உருவெடுத்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சிகரெட் நிறுவனங்கள் பெட்டிக்குள் படம் அச்சிட்ட அட்டைகளை வைத்தன. வரிசை எண்ணிட்ட அட்டைகளை நிறைவு செய்ய வேண்டுமெனில் மிகுதியாக உள்ளதைக் கொடுத்து இல்லாததை வாங்க வேண்டும். அட்டைச் சந்தைகளின் தொடக்கம் அங்குதான். திருவிதாங்கூரில் அந்த இடத்தை நிரப்பியது அரசே அச்சிட்ட சிறு தாள். 1888 அக்டோபர் 16 அன்று, சங்கு முத்திரை பொறித்த முதல் அஞ்சல்தலைகள் வெளிவந்தன. 1, 2, 4 சக்கரம் என்பன அவற்றின் மதிப்புகள். அன்றிலிருந்து 1951 வரை வந்த தலைகள், அட்டைகள், உறைகள் ஆகியனவே தென் திருவிதாங்கூர்ச் சேகரிப்பின் அடித்தளம்.

இந்திய சமஸ்தானங்களின் தபால் அமைப்புகள் இருவகைப்பட்டன. பாட்டியாலா, குவாலியர் போன்றவை பிரிட்டிஷ் இந்தியாவோடு உடன்படிக்கை செய்துகொண்டு, பிரிட்டிஷ் இந்தியத் தலைகளின்மேல் தம் பெயரை அச்சிட்டுப் பயன்படுத்தின. திருவிதாங்கூர் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அது சொந்தத் தலை, சொந்தப் பெட்டி, சொந்த ஓட்டக்காரர்களைக் கொண்டிருந்தது. ஆனால் அத்தலைகளுக்கு வெளியுலகில் செல்லுபடி இல்லை. சமஸ்தானத்தின் நகரங்களில் பிரிட்டிஷ் இந்தியத் தபால் நிலையங்களும் அஞ்சல் நிலையங்களோடு இணையாக இயங்கின. ‘அஞ்சல்’, ‘தபால்’ என்னும் இரு சொற்கள் அப்பகுதியில் ஒருபொருட் பன்மொழியாக இராமல் இருவேறு அமைப்புகளைச் சுட்டியமைக்கு இதுவே காரணம்.

இதன் விளைவை ஒரு கடிதத்தின் வழியாகக் காணலாம். 1920களில் பாறசாலையிலிருந்து நாகர்கோவிலுக்கு மடல் எழுதுபவருக்கு அஞ்சல்தலை போதும். அது உள்நாட்டு மடல். திருநெல்வேலிக்கு எழுதுபவர் தபாலை நாட வேண்டும். ஆரல்வாய்மொழிக்கு அப்பால் வேறு ஆட்சி. அதாவது, தமிழ் பேசும் நாஞ்சில் நாடும் விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் ஒரே அஞ்சல் வெளிக்குள் இருந்தன. தமிழ் பேசும் திருநெல்வேலி அதற்கு வெளியே இருந்தது. நெய்யாற்றின்கரையில் பிறந்த ‘சுதேசாபிமானி’ இதழாசிரியர் இராமகிருஷ்ண பிள்ளை 1910 செப்டம்பரில் நாடு கடத்தப்பட்டபோது கொண்டு செல்லப்பட்டது ஆரல்வாய்மொழி கடந்து திருநெல்வேலிக்கே. அன்று ‘வெளிநாடு’ அங்குதான் தொடங்கியது.

1956க்குப் பின் இந்த வரைபடம் தலைகீழாயிற்று. மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் அளித்த அறிக்கை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றைச் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. திருநெல்வேலியும் நாகர்கோவிலும் ஒரே மாநிலமாயின. பாறசாலையிலிருந்து நாகர்கோவிலுக்கு எழுதும் மடல் மாநில எல்லையைக் கடப்பதாயிற்று. 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான அஞ்சல் குறியீட்டெண் இப்பிரிவினையை எண்களாகப் பதிந்தது: பாறசாலை 695 எனத் தொடங்கும் திருவனந்தபுரம் தொகுதியிலும், அடுத்துள்ள களியக்காவிளை 629 எனத் தொடங்கும் கன்னியாகுமரித் தொகுதியிலும் அமைந்தன. முதல் இலக்கமாகிய 6 மட்டும் இரண்டுக்கும் பொது.

சேகரிப்பாளரின் செயற்பரப்பும் இதே கோட்டில் பிளவுபட்டது. கேரள அஞ்சல் வட்டத்தின் மாநிலக் கண்காட்சி ‘கேராபெக்ஸ்’, தமிழ்நாட்டுடையது ‘தனாபெக்ஸ்’. பாறசாலைக்காரர் முதலதற்கும் களியக்காவிளைக்காரர் இரண்டாவதற்கும் உரியவர். ஆனால் இருவர் வீட்டுப் பரணிலும் கிடைக்கும் தாளும் காசும் ஒன்றே. எனவே எல்லைப்புறச் சேகரிப்பாளர் திருவனந்தபுரத்துக் கண்காட்சிக்கும் நாகர்கோவில் பக்கத்துக் கண்காட்சிக்கும் மாறி மாறிச் செல்ல நேர்வது இயல்பு. முன்னதில் ‘கேரளப் பாரம்பரியம்’ என்ற தலைப்பின் கீழும், பின்னதில் ‘குமரி மாவட்ட வரலாறு’ என்ற தலைப்பின் கீழும் ஒரே சங்கு முத்திரை வைக்கப்படக்கூடும். பொருள் மாறவில்லை, அதற்கு உரிமை கோரும் நிலப்பரப்பு மாறியிருக்கிறது.

மேசையில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் சக்கரம். அரைக் கிராமுக்கும் குறைந்த எடையுள்ள, மணிபோன்ற அச்சிறு வெள்ளிக் காசை எண்ணுவதற்கெனத் திருவிதாங்கூரில் சக்கரப் பலகை இருந்தது. மரப்பலகையில் காசு ஒன்று மட்டும் அமரும் அளவுக்குக் குழிகள் வரிசையாகக் குடையப்பட்டிருக்கும். ஒரு கைப்பிடிக் காசை அதன்மேல் கொட்டி மெல்ல அசைத்தால் குழிக்கு ஒன்றாக நிரம்பும், மிகுதி வழிந்துவிடும். குழிகளின் எண்ணிக்கை தெரிந்ததே என்பதால் எண்ணும் வேலை கண நேரத்தில் முடியும். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆக, ஒரு ரூபாய்க்கு 28 சக்கரம், 448 காசு. பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28½ சக்கரம். அந்த அரைச் சக்கர வேறுபாடு எல்லை கடந்து வணிகம் செய்தவர்களின் அன்றாடக் கணக்கில் ஓர் இனமாக இருந்தது.

காசுகளில் பொறிக்கப்பட்டிருக்கும் ஆண்டு கொல்லம் ஆண்டு என்பதை மாணவர்கள் மறக்கலாகாது. கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் நடுவில், சிங்க மாதத்தில் பிறக்கிறது. ஆகவே ஒரே கிறித்தவ ஆண்டின் இரு நிகழ்வுகள் இரு கொல்லம் ஆண்டுகளில் விழக்கூடும். நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புறத்தில் ஸ்ரீநாராயண குரு சிவலிங்கம் நிறுவியது 1888 சிவராத்திரியில். அது கொல்லம் 1063. முதல் அஞ்சல்தலை வெளிவந்தது அதே 1888 அக்டோபரில். அது கொல்லம் 1064.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு எதுவுமில்லை. எனினும் அவற்றின் பின்விளைவுகள் ஐம்பதாண்டுகளுக்குள் ஒரு சிறு தாளில் சந்தித்தன. 1936 நவம்பர் 12 அன்று ஆலயப் பிரவேச விளம்பரம் வெளியிடப்பட்டது. 1937 மார்ச்சில் அதன் நினைவாக அரசரின் உருவமும் கோயில்களும் கொண்ட நான்கு தலைகள் வந்தன. 6 காசு, 12 காசு, 1½ சக்கரம், 3 சக்கரம் என்பன அவற்றின் மதிப்புகள். அருவிப்புறத்தில் தொடங்கிய கோரிக்கை அரசரின் அருட்கொடையாக உருமாற்றம் பெற்று ஒவ்வொரு மடலின் மூலையிலும் ஒட்டப்பட்டது. தலையில் கோயில் இருக்கிறது, அரசர் இருக்கிறார். நுழைய உரிமை கேட்ட மக்கள் இல்லை.

அஞ்சல்தலை அரசின் குரல் என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 1931இல் ஆட்சியேற்புத் தலைகள்; 1937இல் ஆலயப் பிரவேசத் தலைகள்; 1939 நவம்பரில் அரசரின் 27ஆம் பிறந்தநாள் தலைகள். சேகரிப்பு ஏட்டில் பின்னைய இரண்டும் அடுத்தடுத்த பக்கங்களில் அமையும். அவ்விரு பக்கங்களுக்கு இடைப்பட்ட காலத்தில், 1938 ஆகஸ்ட் 31 அன்று, பொறுப்பாட்சி கோரிய மக்கள்மீது நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. வரிசை முழுமையாக நிறைந்த ஏட்டில்கூட அந்த ஆகஸ்டுக்கு இடமில்லை. தலைகளை மட்டும் அடுக்கி வரலாறு கூறுவோர் இந்த வரம்பை உணர வேண்டும்.

ஆயின் தலை ஒட்டிய முழு உறை வேறு வகைச் சான்று. அதில் அரசின் குரலோடு மக்களின் கையெழுத்தும் இருக்கிறது. எந்தக் கிராமத்து நிலையத்தில் இடப்பட்டது, எங்கே சென்றது, எந்த எழுத்தில் முகவரி எழுதப்பட்டது, எழுதியவர் பெறுநரை எவ்வாறு விளித்தார் ஆகியவை உறையில் மட்டுமே கிடைக்கும். முத்திரை தெளிவாக விழுந்த ஓர் உறை, ஒரு சிற்றூர் அந்நாளில் நிலையம் பெற்றிருந்ததை மெய்ப்பிக்கும். தமிழில் முகவரி எழுதப்பட்டு நெய்யாற்றின்கரை வட்டத்துக்குள்ளேயே பயணித்த மடல்கள், அவ்வட்டத்தின் மொழி வழக்குக்கு மக்கள்தொகைக் கணக்கு தராத சான்றைத் தரும். அரசுப் பணிக்கான தலைகளில் 1911 முதல் ‘சர்க்கார் சேவை’ என்பதைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள் மேலச்சிடப்பட்டன. அத்தகைய உறைகள் வட்ட அலுவலகங்களுக்கும் தலைநகருக்கும் இடையிலான நிர்வாகப் போக்குவரத்தைக் காட்டும்.

இங்குதான் சந்தையின் தர்க்கமும் வரலாற்றின் தேவையும் மோதுகின்றன. பழைய சேகரிப்பு மரபு தலையை உறையிலிருந்து வெட்டி, நீரில் ஊறவைத்துப் பிரித்து ஏட்டில் ஒட்டியது. அதில் தலை பிழைத்தது; சான்று நீரோடு போயிற்று. விலையும் அச்சுப் பிழைகளுக்கே மிகுதி. 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபின், சக்கரத் தலைகளின்மேல் அணா, பை மதிப்புகள் அவசரமாக மேலச்சிடப்பட்டன. அணா என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் எழுத்துகள் இடம் மாறிய தலைகளும் அவற்றிடையே வெளிவந்தன. அவற்றைத் தேடிப் பெருங்கூட்டம் மேசையை மொய்க்கும். அருகிலுள்ள பெட்டியில் ‘எது எடுத்தாலும் ஒரே விலை’ என்று கிடக்கும் மங்கிய உறைகளைப் புரட்டுவோர் சிலரே.

அமெரிக்காவில் 1980களின் பிற்பகுதியில் காசுகளுக்கும் 1990களில் விளையாட்டு அட்டைகளுக்கும் தரமதிப்பீட்டு முறை வந்தது. நிலை ஆராயப்பட்டு, எண் வழங்கப்பட்டு, பொருள் நெகிழிக் கூட்டுக்குள் அடைக்கப்படும். இந்தியக் காசுகளும் இப்போது அவ்வாறே விற்பனைக்கு வருகின்றன. போலியைத் தடுப்பதில் அம்முறைக்குப் பயன் உண்டு. ஆனால் அது அளப்பது தேய்மானத்தை. எந்த வீட்டுப் பெட்டியிலிருந்து, எந்த ஊரிலிருந்து, வேறு எக்காசுகளோடு சேர்ந்து கிடைத்தது என்ற செய்திக்கு அந்தக் கூட்டின் சீட்டில் இடமில்லை. தொல்லியலில் மண்ணடுக்கு இழந்த பானை ஓட்டுக்கு நேர்வதே இடம் இழந்த சக்கரத்துக்கும் நேர்கிறது.

இதற்கு மாறான நெறி சேகரிப்பு உலகத்துக்குள்ளேயே இருக்கிறது. போட்டிக் கண்காட்சிகளில் 16 தாள்கள் கொண்ட சட்டகங்களில் சேகரிப்பு வைக்கப்படும். பன்னாட்டு விதிகளின்படி 100 மதிப்பெண்களில் 35 அறிவுக்கும் ஆய்வுக்கும் உரியவை. நிலையும் அருமையும் சேர்ந்து 30. அழகிய அமைப்புக்கு 5 மட்டுமே. அஞ்சல் வரலாறு என்ற தனிப் பிரிவில் பாதை, கட்டணம், முத்திரை ஆகியவையே பேசுபொருள். ஓர் எல்லைப்புறச் சேகரிப்பாளர் பாறசாலை, நெய்யாற்றின்கரை, குழித்துறை ஆகிய ஊர்களின் முத்திரைகளை மட்டும் கொண்டு ஒரு சட்டகம் அமைத்தால், அது விலை மிகுந்த பிழைத் தலைகள் நிறைந்த ஏட்டைவிட ஆய்வாளருக்குப் பயன்படும். நடுவரின் மதிப்பெண்ணும் அதற்கு எட்டாததன்று.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் நூறாண்டு கடந்த காசையும் தொல்பொருளாகவே கருதுகிறது. நடுவண் அரசின் ஒப்புதலின்றி அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப இயலாது. வெளிநாட்டு வாங்குநர்க்குக் காசு விற்க முனையும் இளைஞர்கள் இதை நினைவில் கொள்வது நன்று.

பொது நிறுவனங்கள் செய்திருப்பவை உண்டு. நெடுமங்காட்டுக் கோயிக்கல் அரண்மனையில் 1992இல் கேரளத் தொல்லியல் துறை அமைத்த நாணய அருங்காட்சியகம் பணியாற்றுகிறது. தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் பத்மநாபபுரம் அரண்மனையைப் பேணுவதும் கேரளத் தொல்லியல் துறையே. எல்லை கடந்த பொறுப்புக்கு அது முன்னுதாரணம். ஆனால் அருங்காட்சியகம் காசை வகையால் பிரிக்கும், கிராமத்தால் பிரிப்பதில்லை. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த இடமளிக்கிறது. அவர்களுடைய முந்தைய தலைமுறையின் கடிதங்களைக் காப்பதற்கோ தனி ஏற்பாடு வேண்டியிருக்கிறது.

ஆகவே இவ்வட்டாரத்தில் ஆய்வு செய்யும் மாணவர்கள் செய்யத்தக்கவை மூன்று. ஒன்று, கண்காட்சிக்குச் செல்லும்போது விலை குறைந்த உறைப் பெட்டியிலிருந்து தொடங்குதல். இரண்டு, வாங்க இயலாவிடினும் விற்பவரின் ஒப்புதலோடு உறையின் இரு பக்கங்களையும் படமெடுத்து, ஊர், நாள், முகவரி எழுத்து ஆகியவற்றைப் பதிதல். தனிமனிதர் பெயரையும் உள்மடலின் செய்தியையும் வெளியிடாது காத்தல். மூன்று, வீடுகளில் பழைய மடல்கள் வைத்திருப்போரிடம் தலையை வெட்ட வேண்டாம் என எடுத்துரைத்தல். எல்லையின் இருபுறமும் இவ்வாறு திரட்டப்படும் பட்டியல்கள் ஒன்றாக இணைக்கப்பட்டால், 1956க்கு முந்தைய தென் திருவிதாங்கூரின் உறவுப் பின்னலை ஊர் ஊராக மீட்டு வரையலாம். அந்த மடல்களை எழுதிய தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. பரண்கள் ஒவ்வொன்றாக ஒழிக்கப்படுகின்றன. பழைய தாள் வாங்குவோரின் தராசு அவற்றை அடையுமுன் ஆய்வாளர்கள் சென்றடைய வேண்டும்.