பிரிப்பதும் இடிப்பதும்: ஒரு களத்துமேட்டின் வரலாறு

‘கட்டுடைத்தல்’ என்ற சொல்லை நமது சிறுபத்திரிகைகள் நிறையவே புழங்கிவிட்டன. பிரதியைக் கட்டுடைத்தோம், வரலாற்றைக் கட்டுடைத்தோம், ஒருவரை ஒருவர் கட்டுடைத்துக்கொண்டோம். நிஜமாகவே ஒரு கட்டடத்தை எப்படி உடைப்பது என்று கேட்டால் முழிப்போம். போன பங்குனியில் மன்னார்குடிப் பக்கம் ஒரு பழைய பண்ணையின் களத்துமேட்டில் மூன்று நாள் வெயிலில் நிற்கும் வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

பண்ணை வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அப்படியே நிற்கும். போவதெல்லாம் அதன் புறக்கட்டுகள்: நெல் களஞ்சியம், வண்டிக் கொட்டகை, மாட்டுக் கொட்டில், பின்னாளில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டுக் கட்டிய உரக் கிடங்கு. அந்த இடம் மனைகளாகப் போகிறது. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் உருக்காலை, எண்ணெய்-எரிவாயு எடுப்பு, தோல் பதனிடுதல் போன்ற புதிய தொழில்களைத்தான் தடுக்கிறது. தடைப் பட்டியலில் வீட்டுமனை இல்லை.

வேலையை எடுத்திருந்த மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். ‘இடிக்கிறது’ என்ற வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. “பிரிக்கிறோம் தம்பி” என்றார். இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டு அல்ல. முதலில் கரண்டைத் துண்டிக்க வேண்டும். பிறகு முகட்டிலிருந்து ஓடு இறங்க வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் சமமாக. ஒரு பக்கம் மட்டும் இறக்கினால் பாரம் மறுபக்கம் சாய்ந்து கூரையே ஆளை இழுத்துக்கொண்டு விழும். அப்புறம் ரீப்பர், கைமரம், கடைசியில் உத்திரம். கூரை போன பிறகு சுவரைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. அதனால் மேலிருந்து வரிசை வரிசையாகச் செங்கல்லை எடுக்க வேண்டும், அடியில் கை வைக்கவே கூடாது. மழையில் ஊறிய மண்சுவரானால் காயும் வரை அந்தப் பக்கமே போகக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸை நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்க வேண்டும். உடைத்தால் கிளம்பும் இழை நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும், பல ஆண்டுகள் கழித்துத்தான் நோயாகத் தலைகாட்டும். மற்ற எல்லாவற்றையும் மேஸ்திரி அப்பனிடம் கற்றிருந்தார். இதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. கட்டிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் அவிழ்ப்பது என்ற அவருடைய இலக்கணத்தைத்தான் இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 4130 என்ற விதித்தொகுப்பும் சொல்கிறது. அந்த எண்ணை அவர் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் ‘பிரித்தல்’ என்ற இதே சொல்லுக்குத் தஞ்சை மண்ணில் இன்னொரு வரலாறு இருக்கிறது. மிராசுதாரின் மனைக்கட்டில் குடிசை போட்டிருந்த பண்ணையாளுக்கு எதிராக எந்த நேரமும் எடுக்கக்கூடிய ஆயுதம், கூரையைப் பிரிப்பது. கூலி கேட்டால் கூரை போகும். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 தலித்துகள் எரிக்கப்பட்டார்கள். தண்டிக்கப்பட்டவர்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. இடையில், 1971இல், குடியிருப்புச் சட்டம் வந்தது. குடிசை நிற்கும் துண்டு நிலம் அதில் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கே சொந்தம் என்றது அது. கூரை என்பது அதிகாரம் செயல்படும் இடம் என்பதற்கு இதைவிட வேறு கோட்பாடு வேண்டியதில்லை.

களஞ்சியமும் அப்படிப்பட்ட இடம்தான். களத்தில் அடித்த நெல் உள்ளே போகும், கூலி நெல் அதன் வாசலில் அளந்து வெளியே வரும். எந்த மரக்காலில் அளப்பது என்பதே போராட்டமாக இருந்த காலம் அது. 1943 முதல் பி. சீனிவாசராவ் இங்கே ஊர் ஊராகப் போய்ச் சங்கம் கட்டினார். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் சவுக்கடியையும் சாணிப்பாலையும் நிறுத்த மிராசுதார்கள் சம்மதிக்க வேண்டிவந்தது. அதற்கு முன்பு வரை ஆளைக் கட்டிவைத்து அடிக்கக் களத்துமேடும் கொட்டிலும் பயன்பட்டன. பண்ணை வீட்டின் முன்கட்டில் நடந்ததைக் கணக்குப் புத்தகமும் குடும்பப் போட்டோவும் சொல்லும். பின்கட்டில் நடந்ததற்குச் சாட்சி அந்தத் தூண்களும் சுவர்களும்தான்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு மேஸ்திரியிடம் கேட்டேன். “அண்ணே, இந்தக் கொட்டிலையாவது விட்டுவைக்கச் சொல்லிக் கேட்கலாமா? ஒரு நினைவிடம் மாதிரி?”

அவர் பீடியை அணைத்தார். “எங்கப்பாவச் சின்னப்புள்ளயில இந்தத் தூணுலதான் கட்டிவச்சு அடிச்சாங்க. மாடு வரப்புல வாய வச்சிருச்சுன்னு. இத எதுக்குத் தம்பி வச்சுப் பாக்கணும்? இந்தத் தூண மட்டும் நாந்தான் எடுப்பேன்னு சொல்லிப்புட்டேன்.”

எனக்குச் சுருக்கென்றது. ‘பாரம்பரியம்’ என்ற சொல்லாடலை எதிர்ப்பதாக நினைத்துக்கொண்டு, அதே சொல்லாடலைத்தான் நான் பின்கட்டுக்கு நகர்த்தியிருக்கிறேன். காரைக்குடிக் கடைகளில் பழைய தூணுக்கு விலை பேசுகிறவனுக்கும் எனக்கும் வேறுபாடு என்ன? அவன் பணம் கொடுக்கிறான், நான் பொருள் கொடுக்கிறேன். அடிபட்டவன் மகனுக்கு அந்தத் தூணைப் பிரித்தெடுப்பதே வரலாற்றில் தலையிடுவதாக இருக்கிறது. எதைக் காப்பது, எதை அழிப்பது என்று முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்பதே இங்கு கேள்வி.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. மூன்றாம் நாள் ஜே.சி.பி. வந்தது. “கையால பிரிச்சா பத்து நாள் ஆகும், வாடகை யார் கொடுக்குறது?” என்றார் மனை போடுகிறவரின் ஆள். வாளி நேராகச் சுவரின் அடியில் போய் முட்டியது, மேஸ்திரி கூடாது என்ற அதே இடத்தில். பக்கத்தில் செங்கல் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் ஓடினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு ஆகவில்லை, அவ்வளவுதான். ஷீட்டுகள் நொறுங்கி, மனைப் பள்ளத்துக்கு நிரவலாகப் போயின.

சுவர் யார் மேல் விழுகிறது என்பது தற்செயல் அல்ல. 2019 டிசம்பர் 2 விடியலில் மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய சுற்றுச்சுவர் சரிந்து, அதன் காலடியில் வீடு கட்டியிருந்த அருந்ததியர் 17 பேர் செத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சாதி, இந்தப் பக்கம் ஒரு சாதி. கட்டும்போது கீழே இருப்பவனேதான் இடியும்போதும் கீழே இருக்கிறான். 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் ‘இடித்தல்’ வேலையையும் கட்டுமானத்தில் சேர்த்திருந்தது. ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களை வெளியே நிறுத்தியது. கிராமத்துக் களத்துமேட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆறு பேர், ஏழு பேர்.

ஆகவே ‘பாதுகாப்பாக இடிப்பது’ வெறும் பொறியியல் விஷயம் இல்லை. தலைக்கவசம், முகமூடி, பத்து நாள் கூலி என்று சங்கங்கள் கேட்க வேண்டியது ஒன்று. பிரிப்பதற்கு முன் அளவெடுத்து, படமெடுத்து, அங்கே வேலை செய்தவர்களின் பேச்சைப் பதிவு செய்வது எழுதுகிறவர்களாகிய நாம் செய்ய வேண்டியது. சாட்சி போகலாம், சாட்சியம் போகக் கூடாது. மூன்றாவது கேள்வியை மேஸ்திரியே கேட்டார். தூணை இறக்கிவைத்துவிட்டு, வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு போட்ட மனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்:

“எல்லாத்தையும் பிரிச்சுக் கொடுத்துட்டோம். இதுல ஒரு மனை எங்க தெருவுக்காரன் வாங்க முடியுமா தம்பி?”

என்னிடம் பதில் இல்லை. வாசிக்கிற உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.