உடைந்த பேனலும் ஒரு சொட்டு அசிட்டோனும்

அக்கா பையன் செட்டிபாளையம் ரோட்டில் மணல் வாரிவிட்டுச் சறுக்கி விழுந்தான். ஆளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆர்15 வண்டிக்குத்தான் இடது பக்க ஃபேரிங் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்து, கீழே ஸ்க்ரூ மாட்டும் காது ஒன்று பிய்ந்து போயிருந்தது. "அப்பாக்குத் தெரிஞ்சா வண்டிய வித்துருவாருங் மாமா" என்று நேராக என் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். புது பேனலுக்குச் சொன்ன விலை அவன் கையில் இல்லை. என் கையில் இருந்தது. ஆனால் கொடுக்கக் கூடாது என்று தோன்றியது.

நான் பி.இ. மெக்கானிக்கல் படித்துவிட்டு சாஃப்ட்வேருக்கு வந்தவன். இருபது வருஷமாகக் கையில் அழுக்குப் படவில்லை. அந்த ஒரு பேனலைச் சரிசெய்ய உட்கார்ந்தபோது, வழக்கம்போல அதன் வரலாற்றுக்குள் போய்விட்டேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

முதலில், இந்தச் சட்டை வண்டிக்கு எதற்கு? காற்றுக்காக. இத்தாலியின் மோட்டோ குஸ்ஸி நிறுவனம் 1950-லேயே மண்டெல்லோவில் சொந்தமாகக் காற்றுச்சுரங்கம் கட்டிச் சோதித்தது. அந்தப் பத்தாண்டின் பந்தய வண்டிகள் முன்சக்கரத்தையும் மூடிய பெரிய கூடுகளோடு ஓடின. வேகம் வந்தது; ஆனால் பக்கவாட்டில் காற்றடித்தால் வண்டி தள்ளாடியது. 1957 சீசன் முடிந்ததும் உலக மோட்டார் சைக்கிள் சம்மேளனம் அவற்றைத் தடை செய்தது. பிறகு வந்த சின்ன வடிவங்கள்தான் இன்றைய ஃபேரிங்கின் மூதாதை. 1976-ல் பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ், முழு ஃபேரிங்கோடு தொழிற்சாலையிலிருந்தே சாதாரண ஆளுக்கும் விற்பனைக்கு வந்தது.

அதே 1976-ல் நம்மூரில் என்ன நிலைமை? ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம். சேத்தக், லாம்பி எல்லாமே தகரம். நசுங்கினால் டிங்கரிங் கடை. உள்பக்கம் கட்டை வைத்து சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, பட்டி போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுப்பார்கள். உடைந்ததைத் தூக்கிப்போடுவது என்ற எண்ணமே அன்றைக்குக் கிடையாது.

கோவைக்கு இந்த விஷயத்தில் இன்னும் பழைய கதை உண்டு. கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். கோவையில் ஹோட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அதையே வாங்கினார் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை. வாங்கியதும் அவர் செய்த முதல் வேலைதான் முக்கியம்: முழுக்கப் பிரித்துப் போட்டுத் திரும்ப மாட்டினார். 1920-ல் பொள்ளாச்சி–பழனி பஸ் ஓட்டியதும், 1937-ல் டி. பாலசுந்தரத்தோடு சேர்ந்து எலெக்ட்ரிக் மோட்டார் செய்ததும் அந்தப் பிரித்துப் பார்த்த பழக்கத்தின் தொடர்ச்சி என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்த கட்டம் ஃபைபர் கிளாஸ். இங்கே கோவையின் பெயர் எஸ். கரிவர்தன். மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரை உருவாக்கினார். வெளிநாட்டுக் காருக்குக் கொட்டிக் கொடுக்க முடியாத இளைஞர்களும் பந்தயத்துக்கு வர அது வழி திறந்தது. 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நம்மூர் நரேன் கார்த்திகேயனும் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்தான். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். 2003-ல் செட்டிபாளையத்தில் திறந்த 2.1 கிலோமீட்டர் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான். என் மருமகன் விழுந்ததும் அதே செட்டிபாளையம் ரோட்டில்தான்!

பந்தயக்காரர்களுக்கு ஃபைபர் ஏன் பிடிக்கிறது என்றால், அச்சு இருந்தால் கொட்டகையிலேயே வார்க்கலாம்; உடைந்தால் கண்ணாடி நூல் துணியும் ரெசினும் வைத்து ஒட்டலாம். நூறு பேனல் செய்ய அது போதும். லட்சம் செய்ய ஊசிவார்ப்பு வேண்டும். அங்கேதான் ஏபிஎஸ் பிளாஸ்டிக் வருகிறது. 1950-களில் சந்தைக்கு வந்த பொருள். குழந்தைகளின் லீகோ கட்டைகள் 1963-லிருந்து இதில்தான் செய்யப்படுகின்றன. 2003-ன் கரிஷ்மாவும் 2008-ன் ஆர்15-ம் ஃபேரிங்கை நம் தெருவுக்குள் கொண்டுவந்தபோது, டிங்கரிங் கடைக்கு அதில் வேலை இல்லாமல் போயிற்று. "பிளாஸ்டிக்குங்க, மாத்தித்தான் ஆகோணும்" என்பது பொதுப் பேச்சாகிவிட்டது.

நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். முதல் தடவை சூப்பர் க்ளூ வைத்து ஒட்டினோம். இரண்டே நாளில் அதிர்வுக்கு மறுபடி பிளந்தது, முன்பைவிட ஒரு விரல் நீளமாக. உக்கடம் பக்கம் பழைய சாமான் கடையில் உடைந்த பேனல் துண்டு வாங்கப் போனபோது, கடைக்காரர்தான் கேட்டார்: "கீறல் முடியற எடத்துல ஓட்டை போட்டீங்களா?"

சுருக்கென்றது. இது நான் படித்த பாடம். 1913-ல் இங்கிலிஸ் என்ற கேம்பிரிட்ஜ் பொறியாளர் கணக்குப் போட்டுக் காட்டியது: தகட்டில் விரிசலின் முனை எவ்வளவு கூர்மையோ, அவ்வளவு அதிகமாக அழுத்தம் அங்கே குவியும். முனையில் 2–3 மில்லிமீட்டர் துளை போட்டால் கூர்மை போய் வட்டமாகிவிடும்; விரிசல் நகராது. நான் பரீட்சையில் எழுதிவிட்டு மறந்தது, அவர் கையில் இருந்தது.

பிறகு ஒழுங்காகச் செய்தோம். பேனலின் உள்பக்கம் என்ன பிளாஸ்டிக் என்ற குறி அச்சிட்டிருக்கும், பாருங்கள். ஏபிஎஸ் என்றால் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டதும் பிசுபிசுக்கும். பிபி, அதாவது பாலிபுரோப்பிலீன் என்றால் அசையாது. அதற்கு இந்த வைத்தியம் செல்லாது. சோப்பு போட்டுக் கழுவி, முனையில் துளையிட்டு, பின்பக்கம் விரிசல் நெடுக வி வடிவில் பாதி ஆழம் சுரண்டினோம். சால்டரிங் அயர்னால் மெல்லிய எஃகு வலையை உள்ளே அழுத்திப் பதித்தோம். புகை நல்லதல்ல; மொட்டை மாடியில், மாஸ்க் போட்டுக்கொண்டு. அயர்ன் ஆறிய பிறகுதான் அசிட்டோன் பாட்டிலைத் திறந்தோம். அது சட்டென்று தீப்பிடிக்கும். உக்கடம் துண்டை நறுக்கிக் கண்ணாடி ஜாடியில் அசிட்டோனோடு ஒரு ராத்திரி ஊறவைத்தால் தேன் பதத்துக்குக் கரையும். அதை மெல்லிசாகப் பல தடவை பூசி, இரண்டு நாள் காயவிட்டோம். பிய்ந்த காதையும் அப்படியே கட்டினோம். அப்புறம் 240, 400, 800 என்று தண்ணீர் விட்டு உப்புத்தாள் தேய்ப்பு, பிரைமர், கலர், கிளியர் கோட். நகம் மாட்டாத மேலோட்டமான சிராய்ப்புகளுக்கு இவ்வளவெல்லாம் வேண்டாம். 2000 தாளும் பாலிஷும் போதும்.

தேய்க்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. தகரத்தின் மேல் பட்டி ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவே. ஃபைபரிலும் ஒட்டு ஒட்டுதான். ஏபிஎஸ் மட்டும் கரைந்து, அதே பொருளாகத் திரும்ப ஒன்றாகிறது. "மாத்தித்தான் ஆகோணும்" என்று நாம் கைவிட்ட பொருள்தான் இந்த மூன்றிலும் சேர்வதற்கு மிகவும் ஒத்துழைக்கிறது. பொருள் மாறியதால் மட்டும் பழுதுபார்ப்பு போகவில்லை. பிரித்துப் பார்க்கும் பழக்கம் போனதால் போயிற்று.

வெயிலில் சாய்த்துப் பார்த்தால் கலர் கொஞ்சம் வித்தியாசம் தெரியத்தான் செய்கிறது. மருமகனே அவன் அப்பாவிடம் காட்டிவிட்டான், விழுந்த கதையோடு. மச்சான் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "யார் தேச்சது?" என்று மட்டும் கேட்டாராம். வண்டி தப்பியது.

உற்சாகத்தில் பையன் அடுத்து ஹெல்மெட்டை நீட்டினான்: "இதுலயும் ஒரு கீறல் இருக்குது மாமா, ஒட்டிரலாமா?" கூடாது. உள்ளே இருக்கும் தெர்மோகோல் ஒரு அடியை வாங்கி நசுங்குவதற்கென்றே இருப்பது; ஒருமுறை நசுங்கினால் மீளாது, வெளியே எதை ஒட்டினாலும். பேனல் காற்றுக்கு, ஹெல்மெட் தலைக்கு. புது பேனலுக்குக் கொடுக்காத காசில், ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து அவனுக்கு ஒரு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தேன்.